எலியின் கல்லீரலில் ரத்த ஓட்டம்: சாயம் ஏற்றாமல் விரவல் எம்.ஆர்.ஐ. மூலம் அளப்பதற்கு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் கன்னிப்பூ நெல் சாகுபடிக்காகப் பேச்சிப்பாறை அணையைத் திறந்தால், எத்தனை கன அடி விட்டார்கள் என்பது மறுநாள் நாளிதழில் வந்துவிடும். தோவாளைச் சானலின் கடைசியில் வயல் வைத்திருப்பவருக்கு அந்த எண் சோறு போடாது. அவர் வரப்பில் குனிந்து மடைவாயில் ஒரு வைக்கோல் துரும்பைப் போடுவார். துரும்பு நகர்கிறதா, வயலுக்குள் நுழைகிறதா, பாதியில் நின்றுவிடுகிறதா என்று பார்ப்பார்.

கல்லீரல் ரத்த ஓட்டத்தை அளப்பதிலும் இந்த இரண்டு வழிகள் உண்டு. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் ஓடும் ரத்தத்தை டாப்ளர் அல்ட்ராசவுண்டால் அளந்தால் அணையில் திறந்துவிட்ட அளவு தெரியும். திசுவின் உள்ளே நுண்குழல்களில் ரத்தம் நகர்கிறதா என்பதைத் துரும்பு போட்டுப் பார்க்கும் வழிதான் ஐவிம் எனப்படும் விரவல் எம்.ஆர்.ஐ. இதில் துரும்புகூடத் தேவையில்லை, தண்ணீரே துரும்பு. சாய ஊசி கிடையாது என்பதால் அதே எலியை வாராவாரம் அளக்கலாம்.

நான் தக்கலைக்காரன். பல ஆண்டுகள் வெளியூர் ஆய்வகங்களில் எலிகளை ஸ்கேன் செய்துவிட்டு, இப்போது வீட்டிலிருந்தபடி தரவுகளை மட்டும் பார்த்துக்கொடுக்கிறேன். நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் இயற்பியலோ உயிர்மருத்துவப் பொறியியலோ படித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போகும் பிள்ளைகள் அடிக்கடி தொலைபேசியில் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், எந்த மென்பொருளில் ஃபிட் செய்வது?" மென்பொருள் கடைசிக் கவலை. எலி எப்படி மூச்சுவிட்டது, முதல் நான்கைந்து பி-மதிப்புகளை (கருவி விரவலை எவ்வளவு வலுவாக உணர்கிறது என்பதற்கான எண்களை) எப்படி வைத்தீர்கள் என்ற இரண்டிலேயே முடிவு பாதி எழுதப்பட்டுவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எதை அளக்கிறோம்

திசுவிலுள்ள நீர் மூலக்கூறுகள் வெப்பத்தால் தாறுமாறாக அலைகின்றன. இது விரவல். எம்.ஆர்.ஐ.யில் காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் மாற்றும் இரண்டு கிரேடியன்ட் துடிப்புகளைக் கொடுத்தால், இடையில் நகர்ந்த மூலக்கூறுகளின் கட்டம் (சுழற்சியில் அவை நிற்கும் கோணம்) ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போய் சிக்னல் குறையும். ஸ்டெய்ஸ்கலும் டேனரும் 1965இல் இந்த முறையைக் கொடுத்தார்கள். கிரேடியன்ட் எவ்வளவு வலுவாக, எவ்வளவு நேரம் வேலை செய்தது என்பதைச் சுருக்கிச் சொல்லும் ஒற்றை எண் பி-மதிப்பு. அலகு விநாடி/சதுர மில்லிமீட்டர். இனி அலகை விட்டுவிடுகிறேன்.

1986இல் பிரான்ஸைச் சேர்ந்த டெனி லெ பிஹான் இன்னொன்றைக் கவனித்தார். நுண்குழல்கள் எல்லாத் திசையிலும் கிளைத்துத் திரும்புவதால், அவற்றுக்குள் ஓடும் ரத்தமும் ஒரு வாக்சல் (படத்தின் ஒரு கனப்புள்ளி) அளவில் பார்த்தால் தாறுமாறான அசைவுபோலவே சிக்னலைக் குறைக்கும். வேகம் மட்டும் அதிகம் என்பதால், சிறிய பி-மதிப்பிலேயே ரத்தத்தின் சிக்னல் கரைந்துவிடும். திசுவின் சிக்னல் பெரிய பி-மதிப்பு வரை தாக்குப்பிடிக்கும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கம் எளிதில் விளங்கும். பாலத்துத் தொட்டியில் தண்ணீர் ஒரே நேர்க்கோட்டில் போகிறது. அப்படிப் போகும் ரத்தத்தில் எல்லா மூலக்கூறுகளின் கட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு திரும்பும். அந்த அளவுக்குச் சிக்னல் அழியாது. (நடுவில் வேகம், ஓரத்தில் மெதுவு என்பதால் கொஞ்சம் அழியத்தான் செய்யும்.) அதே தண்ணீர் சானலிலிருந்து கிளை வாய்க்கால், மடை, வயல் என்று பிரிந்த பிறகுதான் ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு பக்கம் திரும்புகிறது. ஐவிம் பார்க்கும் இடம் அது.

கணக்கில் மூன்று எண்கள். திசுவின் விரவல் கெழு. ரத்தத்தால் வரும் சிக்னலின் பங்கு. இதை ஓட்டப் பங்கு என்கிறேன். ரத்தம் கரையும் வேகத்தைக் குறிக்கும் போலி விரவல் கெழு. கட்டுரைகளில் இவை முறையே டி, எஃப், டி ஸ்டார். ஒரு பி-மதிப்பில் கிடைக்கும் சிக்னல், இரண்டு அடுக்குக்குறித் தேய்வுகளின் கூட்டல்: ஒன்று மெதுவாகத் தேயும் திசு, மற்றது சட்டென்று தேயும் ரத்தம்.

எண்ணைப் போட்டுப் பார்த்தால்தான் உடம்பில் ஒட்டும். ஓட்டப் பங்கு 25 விழுக்காடு, விரவல் கெழு விநாடிக்கு 0.001 சதுர மில்லிமீட்டர், போலி விரவல் கெழு அதைப்போல் 50 மடங்கு என்று கொள்ளுங்கள். பி சுழியத்தில் சிக்னல் 100 என்றால், பி 10இல் 89, பி 50இல் 73, பி 200இல் 61, பி 800இல் 34. முதல் 50க்குள் 27 புள்ளிகள் விழுந்துவிட்டன. அடுத்த 150க்கு 12தான். பி 200இல் ரத்தத்தின் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. சிக்னலை மடக்கை அளவில் வரைந்து, 200க்கும் 800க்கும் இடைப்பட்ட கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் சுழியத்தில் 75இல் முட்டும். மீதி 25 ரத்தம். முறையின் மொத்தச் சூட்சுமமும் இதுதான்.

சுழியம், 800 என்று இரண்டு பி-மதிப்புகள் மட்டும் எடுத்து ஒரே கெழுவாகக் கணக்கிட்டால் 0.00136 வரும். உண்மையான விரவலைவிட 36 விழுக்காடு கூடுதல். நார்த்தழும்பு ஏறிய கல்லீரலில் அந்த எண் குறைந்தால், குறைந்தது விரவலா ஓட்டமா என்று யாராலும் சொல்ல முடியாது.

அனுமதியும் எலியும்

இந்தியாவில் விலங்குச் சோதனை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று அறியப்பட்டு இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. எனப்படும், விலங்குச் சோதனைகளை மேற்பார்வையிடும் குழுவில் பதிவுபெற்ற நிறுவனத்தில், அதன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குப் பிறகுதான் ஒரு எலியைத் தொடலாம். விண்ணப்பத்தில் ஸ்கேன் மட்டுமல்ல, மயக்கம், சரிபார்ப்புச் சோதனை, உயிர்நீக்கும் முறை எல்லாம் இருக்க வேண்டும். இறந்தபின் ஸ்கேன் எடுக்கும் யோசனை பாதியில்தான் பலருக்கு வரும். அதற்கும் முன்னரே இடம்விட்டு எழுதுங்கள்.

எலியா சுண்டெலியா? மரபணு மாற்றம் தேவையில்லை என்றால் எலி. கல்லீரல் பெரியது, மூச்சு மெதுவானது, வாக்சல் தாராளமாகக் கிடைக்கும். எலிக்குப் பித்தப்பை கிடையாது என்பது ஒரு வசதி. சுண்டெலிக்கு உண்டு, அதன் மினுக்கம் பக்கத்து வாக்சலுக்குள் கசிந்து விரவல் எண்ணைத் தூக்கிவிடும்.

எலிக்கு வாந்தி எடுக்க முடியாது. அதனால் மயக்கத்துக்காக மட்டும் பட்டினி போடத் தேவையில்லை. ஆனால் தின்ற பிறகு போர்ட்டல் சிரையில் ஓட்டம் கூடும். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து அந்தச் சிரை வழியே வருகிறது, மீதிதான் கல்லீரல் தமனி வழியே. எலி இரவில் தின்னும் பிராணி. காலை எட்டு மணிக்கு எடுத்த எலியையும் மாலை மூன்று மணிக்கு எடுத்த எலியையும் ஒப்பிட்டால், நோயை அளக்கவில்லை, சாப்பாட்டை அளக்கிறீர்கள். நான்கு மணி நேரம் உணவை எடுத்துவிட்டு, தண்ணீரை விட்டுவைத்து, எல்லா எலிகளையும் ஒரே நேரத்தில் எடுப்பது என் வழக்கம். சுண்டெலியை அதற்குமேல் பட்டினி போடாதீர்கள். கல்லீரலில் சேமித்த கிளைக்கோஜன் வேகமாகக் கரைந்து உறுப்பே மாறிவிடும்.

எந்த நோய் மாதிரி என்பது தனிப் பாடம். ஒன்றிரண்டு எச்சரிக்கை மட்டும். கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்து நார்த்தழும்பை உண்டாக்கினால், கடைசி ஊசிக்கு மறுநாளே ஸ்கேன் எடுக்காதீர்கள். தழும்போடு புதுப் புண்ணின் வீக்கமும் சேர்ந்து அளவாகும். பித்தநாளத்தைக் கட்டும் மாதிரியில் நாளங்கள் வீங்கிப் பெருகும். அந்தத் திரவம் விரவல் எண்ணை ஏற்றும். கொழுப்பு ஏறிய கல்லீரலில் கொழுப்பின் சிக்னல் பெரிய பி-மதிப்பிலும் தேயாமல் நின்று கோட்டின் சரிவையே மாற்றும். அங்கே கொழுப்பை ஒடுக்கும் துடிப்பு சரியாக வேலை செய்தது என்பதற்குப் படமாகவே சான்று வைத்திருக்க வேண்டும்.

மயக்கமும் மூச்சும்

ஐசோஃப்ளுரேன் வாயுவில் 3 முதல் 4 விழுக்காட்டில் மயக்கத் தொடங்கி, 1.5 முதல் 2க்குள் நிறுத்துவது பொதுவான நடைமுறை. இந்த வாயு ரத்தக் குழாய்களை விரித்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். அளவு கூடினால் நீங்கள் அளக்க வந்த ஓட்டமே மாறும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கல்லீரல் கெட்ட எலி அதே அளவு வாயுவில் ஆழமாக மயங்கும், மூச்சும் மெதுவாகும். எல்லா எலிக்கும் ஒரே விழுக்காடு என்று வைத்தால் நோயுற்ற குழுவில் மயக்கம் ஆழமாகிவிடும். ஒரே மூச்சு எண்ணிக்கை என்று வைத்தால் வாயுவின் அளவு குழுவுக்குக் குழு மாறும். நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன்: நிமிடத்துக்கு 40 முதல் 50 மூச்சு, கொடுத்த விழுக்காடு ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் பதிவேட்டில். எதைத் தேர்ந்தாலும் கட்டுரையில் எழுதுங்கள். எழுதாத கட்டுரைகள் நிறைய.

மூச்சு உணரியை வயிற்றில் ஒட்டி, எலி மூச்சை வெளிவிட்டு அசையாமல் இருக்கும் இடைவெளியில் மட்டும் படம் எடுக்க வேண்டும். இந்த மயக்கத்தில் எலி சட்டென்று இழுத்துவிட்டு நீண்ட நேரம் சும்மா இருக்கும். நிமிடத்துக்கு 40 மூச்சு என்றால் ஒரு சுற்று 1.5 விநாடி, அதில் ஒரு விநாடிக்கு அருகில் அமைதி. ஐந்து வெட்டுகளை (குறுக்குவெட்டுப் படங்களை) அதற்குள் எடுத்துவிடலாம்.

உடல் வெப்பத்துக்கு மலக்குடல் உணரியும் வெந்நீர்ப் படுக்கையும் வேண்டும். நான் தொடக்கத்தில் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் வெந்நீர் சுற்றும் குழாய் மடங்கிப் போயிருந்ததை இரண்டு வாரம் யாரும் பார்க்கவில்லை, நானும்தான். எலிகள் 37 டிகிரியிலிருந்து மூன்று நான்கு டிகிரி இறங்கியிருந்தன. நீரின் விரவல் டிகிரிக்கு இரண்டு விழுக்காட்டுக்குமேல் குறையும். ரத்த ஓட்டம் அதைவிடத் தாராளமாகக் குறையும். மருந்து கொடுத்த குழு முழுவதும் அந்த இரண்டு வாரத்தில்தான் வந்தது. கிடைத்த "விளைவு" அவ்வளவு அழகாக இருந்தது. எல்லாவற்றையும் தூக்கிப்போட்டோம். அதிலிருந்து நோயுற்ற எலியையும் நலமான எலியையும் மாற்றி மாற்றித்தான் எடுக்கிறேன், குழுவாக எடுப்பதில்லை.

எலியைக் குப்புறப் படுக்க வைப்பதா, மல்லாக்கவா என்பதில் ஆளுக்கொரு கட்சி. குப்புறப் படுத்தால் சொந்த எடையே வயிற்றின் அசைவைக் கொஞ்சம் அமர்த்தும் என்பது என் அனுபவம். எதுவாக இருந்தாலும் நடுவில் மாற்றாதீர்கள்.

கருவியை அமைத்தல்

விலங்குகளுக்கான கருவிகளில் 4.7, 7, 9.4 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) பரவலாக உள்ளன. கல்லீரலுக்கு அதிக டெஸ்லா என்றால் அதிக நன்மை என்று நினைக்காதீர்கள். காந்தப்புலம் ஏறினால் திசுவின் டி2 தளர்வு நேரம் (சிக்னல் மங்க எடுக்கும் நேரம்) சுருங்கும். நுரையீரல் காற்றும் குடல் வாயுவும் படத்தை இழுத்துக் கோணலாக்கும். எனக்கு 7 போதும்.

விலங்குக் கருவியின் உண்மையான வலிமை கிரேடியன்டில் இருக்கிறது. துடிப்பின் நீளம் 4 மில்லி விநாடி, இரு துடிப்புகளின் தொடக்கங்களுக்கு இடையே 12 மில்லி விநாடி என்றால், பி 800 கிடைக்க மீட்டருக்கு ஏறக்குறைய 256 மில்லி டெஸ்லா வேண்டும். விலங்குக் கருவிக்கு அது எளிது. மனிதருக்கான கருவியில் 35 மில்லி டெஸ்லாவில் அதே பி வேண்டுமென்றால் துடிப்பை 20 மில்லி விநாடிக்கும் இடைவெளியை 30க்கும் நீட்ட வேண்டும். எதிரொலி நேரம் (சிக்னலைக் கிளப்பியதிலிருந்து படிக்கும் வரை காத்திருக்கும் நேரம்) 50ஐத் தாண்டும். மருத்துவமனைக் கருவியில் இரவு நேரத்தில் மணிக்கட்டுக்கான சிக்னல் சுருளை வைத்து எலியை எடுக்கிறவர்கள் உண்டு. எடுக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த எண்ணை 7 டெஸ்லா எண்ணோடு வரிசையில் வைக்கக் கூடாது.

காரணம், எதிரொலி நேரம் ஓட்டப் பங்கை நேரடியாக ஏமாற்றும். கல்லீரல் திசுவின் டி2 குறைவு, ரத்தத்தின் டி2 அதைவிட அதிகம். காத்திருக்கக் காத்திருக்கத் திசு மங்கும், ரத்தம் தங்கும். திசுவுக்கு 25, ரத்தத்துக்கு 60 மில்லி விநாடி என்று வைத்துக் கணக்குப் போட்டேன்: உண்மையான பங்கு 15 விழுக்காடு என்றால், எதிரொலி நேரம் 20இல் அது 22 ஆகத் தெரியும், 50இல் 36 ஆகத் தெரியும். ஒரே கல்லீரல், இரண்டு விடை. ஆகவே எதிரொலி நேரத்தை முடிந்தவரை குறைத்து, எல்லாப் பி-மதிப்புக்கும் எல்லா எலிக்கும் ஒன்றாகவே வையுங்கள்.

நான் எலிக்குத் தொடங்கும் அமைப்பு: நான்கு துண்டுகளாகப் பிரித்த ஸ்பின்-எதிரொலி ஈ.பி.ஐ. (ஒரு வேகப் படமெடுப்பு முறை), எதிரொலி நேரம் 22 முதல் 25 மில்லி விநாடி, 1.5 மில்லிமீட்டர் தடிமனில் ஐந்து வெட்டுகள், 60 மில்லிமீட்டர் புலத்தை 128 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளி 0.47 மில்லிமீட்டர். கொழுப்பு ஒடுக்கம் கட்டாயம். காந்தப்புலத்தைச் சமப்படுத்தும் பெட்டியைக் கல்லீரலுக்கு மட்டும் போடுங்கள், முழு வயிற்றுக்கு அல்ல. மூன்று திசைகள், பன்னிரண்டு பி-மதிப்புகள், நான்கு சராசரிகள், நான்கு துண்டுகள்: 576 முறை. இரண்டு மூச்சுக்கு ஒரு முறை, அதாவது மூன்று விநாடிக்கு ஒன்று என்றால் 29 நிமிடம். எலி தாங்கும், நீங்களும் தாங்குவீர்கள்.

பி-மதிப்புகள்

என் பட்டியல்: 0, 5, 10, 20, 30, 50, 75, 100, 200, 400, 600, 800. பாதிக்குமேல் நூறுக்குக் கீழே இருப்பதைப் பாருங்கள். சிக்னல் எங்கே சரிகிறதோ அங்கேதான் புள்ளிகளை நட வேண்டும். ஈ.சி.ஜி. தாளில் இதயம் துடிக்கும் நொடியை விட்டுவிட்டு மீதியை அளந்தால் என்ன பயன்?

சுழியத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பி சுழியத்தில் பெரிய ரத்தக் குழாய்கள் வெள்ளையாக மின்னும். பி ஒன்றிலோ இரண்டிலோ சட்டென்று கறுத்துவிடும். இந்த முதல் படிச்சரிவு நாம் எழுதிய சமன்பாட்டுக்குள் அடங்காது. சுழியத்தைக் கணக்கில் சேர்த்தால் ஓட்டப் பங்கு ஊதிவிடும். விட்டுவிட்டால் எதைக் கொண்டு வகுப்பது என்ற கேள்வி வரும். நான் இரண்டு விதமாகவும் கணக்கிட்டு, இரண்டையும் எழுதிவைக்கிறேன். குழு வேறுபாடு ஒன்றில் வந்து இன்னொன்றில் மறைந்தால், அது திசுவின் சேதி இல்லை, பெரிய குழாயின் சேதி.

இன்னொன்று பலர் கவனிக்காதது. மேலே சொன்ன அதே துடிப்பில் பி 10 கிடைக்க 29 மில்லி டெஸ்லா போதும். படம் எடுக்கவும் வேண்டாத சிக்னலை நசுக்கவும் கருவி போடும் மற்ற கிரேடியன்ட்களும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் இருக்கின்றன. அவையும் பி-மதிப்பில் சேரும், திசைக்குத் திசை வேறாகச் சேரும். நீங்கள் 5 என்று தட்டச்சு செய்தது 5 ஆக இருக்காது. சுழியம்கூடச் சுழியமாக இருக்காது. கருவி தரும் கோப்பில் பயனுறு (உண்மையில் வேலை செய்த) பி-மதிப்புகளின் அணி இருக்கும். அதை எடுத்துக் கணக்கில் போடுங்கள். பி 800இல் இந்தப் பிழை தூசு. பி 5இல் அது மலை.

பி-மதிப்புகளை ஏறுவரிசையில் எடுக்காதீர்கள். அரை மணி நேரத்தில் எலி மெல்ல ஆழ்ந்து மயங்கும், சுருள் சூடேறும், சிக்னல் நழுவும். ஏறுவரிசையில் எடுத்தால் அந்த நழுவலும் தேய்வுபோலத் தெரியும். கலைத்துப்போடுங்கள், நடுவிலும் கடைசியிலும் சுழியத்தை மீண்டும் ஒருமுறை எடுங்கள். முதல் சுழியமும் கடைசிச் சுழியமும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த ஸ்கேனைப் பற்றி யோசியுங்கள்.

எலிக்கு முன் ஐஸ் தண்ணீர்

ஒரு குழாயில் நீரை நிரப்பி, உருகும் ஐஸுக்குள் வைத்து, முழு வரிசையையும் ஓட்டுங்கள். சுழியம் டிகிரியில் நீரின் விரவல் கெழு 0.0011 சதுர மில்லிமீட்டர்/விநாடி. கல்லீரலின் மதிப்புக்கு அருகில் இருப்பது நம் அதிர்ஷ்டம். அங்கே ஓட்டம் எதுவும் இல்லை, ஆகவே ஓட்டப் பங்கு சுழியமாக வர வேண்டும். ஐந்து விழுக்காடு வந்தால் அந்த ஐந்து உங்கள் கருவியின் பொய். பெரும்பாலும் முன்பகுதியில் சொன்ன பயனுறு பி-மதிப்புதான் குற்றவாளி. மாதம் ஒருமுறை இதைச் செய்து வரைபடமாகச் சுவரில் ஒட்டுங்கள்.

கணக்கு

முதலில் கண்ணால் பாருங்கள். எல்லாப் படங்களையும் அடுக்கி ஓடவிட்டு, மூச்சு பிசகிய படங்களை நீக்குங்கள். எந்த விதியில் நீக்குவது என்பதை, எந்த எலி எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் முடிவுசெய்ய வேண்டும். மூன்று திசைகளையும் தனித்தனியாகப் பாருங்கள். பிறகு பெருக்குச் சராசரி. இடது மடலை இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் குத்துகிறது. அங்கே பெரிய பி-மதிப்புகளில் சிக்னல் பொய்யாக விழும். வலது மடலில் மட்டும் எல்லை வரைந்து, கண்ணுக்குத் தெரியும் குழாய்களை விலக்குங்கள்.

பி 800இல் சிக்னல் இரைச்சலின் தரையைத் தொட்டால் அதற்குமேல் இறங்காது; கோடு படுத்துவிடும், விரவல் கெழு குறைவாக வரும். இரைச்சலின் அளவைப் படத்தின் பின்னணியில் எடுத்துப் பாருங்கள். தொடுகிறது என்றால் 800ஐ விட்டு 600உடன் நிறுத்துங்கள், அல்லது சராசரியைக் கூட்டுங்கள்.

பொருத்துவதில் நான் படிப்படி முறைக்காரன். பி 200 முதல் மேலே உள்ள புள்ளிகளில் ஒற்றைத் தேய்வைப் பொருத்தி விரவல் கெழுவை எடுப்பேன். அந்தக் கோட்டைச் சுழியத்துக்கு நீட்டி ஓட்டப் பங்கை எடுப்பேன். இரண்டையும் பூட்டிவிட்டு, எல்லாப் புள்ளிகளையும் வைத்துப் போலி விரவல் கெழுவைத் தேடுவேன். மூன்றையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டால் பைத்தான் நிரல் ஏதோ ஒரு விடையைத் தரும்; இரைச்சல் கொஞ்சம் கூடினாலும் ஓட்டப் பங்கும் போலி விரவல் கெழுவும் ஒன்றின் பாவத்தை மற்றொன்று சுமக்கும். முன்னனுமானத்தையும் தரவோடு சேர்த்துக் கணக்கிடும் பேயீசிய முறை இதைவிடச் சீரான வரைபடம் தரும். ஆனால் அந்தச் சீர் தரவிலிருந்து வந்ததா, முன்னனுமானத்திலிருந்து வந்ததா என்று கேட்கப் பழகுங்கள்.

வாக்சல் வாக்சலாகச் செய்தால் சராசரி வேண்டாம், இடைநிலை மதிப்பை எடுங்கள். எத்தனை வாக்சல்கள் நீங்கள் வைத்த எல்லைச்சுவரில் போய் முட்டி நின்றன என்பதையும் எழுதுங்கள். கால்பங்கு முட்டியிருந்தால் வரைபடத்தின் வண்ணத்தை நம்பாதீர்கள்.

போலி விரவல் கெழு

இதைத்தான் எல்லோரும் "ஓட்டத்தின் வேகம்" என்று எழுதுகிறார்கள். லெ பிஹானும் டர்னரும் 1992இல் தந்த விளக்கப்படி, நுண்குழல் துண்டின் நீளத்தை ரத்தத்தின் வேகத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் போலி விரவல் கெழு. ஓட்டப் பங்கோடு அதைப் பெருக்கினால் ஓட்டத்துக்கு விகிதமான ஓர் எண் கிடைக்கும் என்பது அடுத்த படி.

கல்லீரலுக்கு எண்களைப் போட்டுப் பாருங்கள். சைனுசாய்டு எனப்படும் நுண்குழல்களில் ரத்தம் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழேதான் நகர்கிறது. 0.3 என்று வைப்போம். துண்டின் நீளம் 0.1 மில்லிமீட்டர். போலி விரவல் கெழு 0.005 வருகிறது. கல்லீரலில் நாம் அளப்பது பெரும்பாலும் அதைப்போல் பல மடங்கு. மேலும், 12 மில்லி விநாடியில் அந்த ரத்தம் 3.6 மைக்ரான்தான் போயிருக்கும். அதே நேரத்தில் திசுவின் நீர் ஒரு திசையில் வெறும் விரவலாலேயே ஏறக்குறைய 5 மைக்ரான் அலைந்துவிடும். ஒரு முறைகூடத் திரும்பாத ரத்தத்தைப் "பலமுறை திரும்பியது" என்று வைத்து எழுதிய சமன்பாடு அது.

ஆகவே என் கணிப்பு: சிறிய பி-மதிப்புகளில் சட்டென்று விழுவதில் பெரும்பகுதி சைனுசாய்டுகளுக்கு முந்தைய சிறு சிரைகளின் சிக்னல். வயலுக்குள் ஊறும் தண்ணீர் அல்ல, கிளை வாய்க்காலில் ஓடும் தண்ணீர். அது பயனற்ற தகவல் இல்லை. 2008இல் பாரிஸ் குழு ஒன்று ஈரல் இழைநார் வளர்ச்சி உள்ள மனிதர்களில் போலி விரவல் கெழு தெளிவாகக் குறைவதைக் காட்டியது, குறையத்தான் வேண்டும். ஆனால் அந்த எண்ணை நிமிடத்துக்கு இத்தனை மில்லி லிட்டர் என்று மாற்றி எழுதாதீர்கள். ஓட்டப் பங்கை முன்னால் வையுங்கள், போலி விரவல் கெழுவைப் பரவலோடு பின்னால் சொல்லுங்கள். கருவி அனுமதித்தால் ஓட்டத்தை ஈடுசெய்யும் கிரேடியன்டால் ஒருமுறையும் சாதாரண கிரேடியன்டால் ஒருமுறையும் எடுங்கள். நேராக ஓடும் ரத்தத்தின் பங்கு இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தில் வெளிப்படும்.

சரிபார்த்தல்

ஒரே எலியை ஒரு வாரம் விட்டு இரண்டுமுறை எடுங்கள். இந்த இரட்டை அளவில் வரும் வேறுபாட்டைவிட நோயால் வரும் வேறுபாடு பெரிதாக இல்லையென்றால், எலிகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூச்சுப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்.

உணவுக்கு முன்னும் பின்னும் எடுப்பது மலிவான சோதனை. போர்ட்டல் ஓட்டம் கூடுவது டாப்ளரில் தெரிகிறது, ஐவிம் எண் நகரவே இல்லை என்றால், உங்கள் அமைப்பு ஓட்டத்தைப் பார்க்கவில்லை. நிறமேற்றிய நுண்மணிகளைச் செலுத்தித் திசுவில் எண்ணும் முறை தமனி வழியே வரும் ஓட்டத்துக்கு நல்ல அளவுகோல். ஆனால் மணிகள் குடலின் நுண்குழல்களிலேயே தங்கிவிடுவதால், போர்ட்டல் பங்கைச் செரிமான உறுப்புகளில் தங்கிய மணிகளைக் கூட்டித்தான் பெற வேண்டும்.

கடைசியாக, எலி கருவிக்குள் இருக்கும்போதே ஒப்புதல் பெற்ற முறையில் உயிர்நீக்கி, வெந்நீர்ப் படுக்கையை நிறுத்தாமல், அதே வரிசையை உடனே ஓட்டுங்கள். ரத்தம் குழாய்களில் இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. ஓட்டப் பங்கு விழ வேண்டும். எவ்வளவு விழாமல் மீதி நிற்கிறதோ அவ்வளவும் உயிருள்ள எலியின் எண்ணிலும் ஓட்டமல்லாத சரக்காகக் கலந்திருக்கிறது. நான் முதலில் இதைச் செய்தபோது மீதி நின்றதைப் பார்த்து, அதற்கு முந்தைய எட்டு மாத வரைபடங்களையும் மீண்டும் கணக்கிட்டேன்.

பிறகு வயிற்றைத் திறந்து, ஸ்கேன் வெட்டுகளின் திசையிலேயே வலது மடலை அறுத்து, தலைப்பக்கம் இருந்த முகத்தில் ஒரு கறுப்பு நூலைத் தைத்து ஃபார்மலினில் போடுங்கள். நூல் இல்லாமல் அனுப்பினால் நோயியல் பிரிவிலிருந்து வரும் கண்ணாடிச் சில்லு எந்த வெட்டுக்கு உரியது என்று இரண்டு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.